அல்லிராணி கோட்டையைக் கட்டியவர்

அரிப்புக் கடற்கரையில் பாதி இடிந்து நிற்கும் செங்கல் மாளிகையை எங்கள் பக்கத்தில் எல்லோரும் அல்லிராணி கோட்டை என்றுதான் சொல்வார்கள். சின்ன வயதில் எனக்கு அந்தக் கதையைச் சொன்னவர் மூத்தம்மா. அல்லி என்று ஓர் அரசி இருந்தாளாம். மாடியில் நின்று கடலைப் பார்த்தபடி முத்துக்குளிப்பவர்களை ஏவிக்கொண்டிருப்பாளாம். அவள் கையசைத்தால்தான் தோணிகள் கரை திரும்புமாம். நான் அதை அப்படியே நம்பினேன். ஒரு பெண் தனியாக இருந்து இந்தக் கடலையே ஆண்டாள் என்பது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

உயர்தர வகுப்புக்கு வந்த பிறகு அந்தப் பெருமை போனது. பொருளியல் படிக்கத் தொடங்கிய முதல் தவணையிலேயே ரீச்சர் எங்களை அரிப்புக்கு அழைத்துச் சென்றார். பொருளியல் பாடத்துக்கு இடிந்த சுவர் எதற்கு என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனோம். அங்கே போய்ச் சேர்ந்ததும் ரீச்சர் சொன்னது, இது எந்த அரசியும் கட்டியதல்ல என்பதுதான். பிரித்தானியரின் முதலாவது ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801 முதல் 1804 வரையான காலத்தில் கட்டிய டொரிக் மாளிகை இது. பழைய கிரேக்கக் கட்டடக் கலையின் பாணி ஒன்றின் பெயரே டொரிக். முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் அதை அருகிலிருந்து பார்ப்பதற்காக அவர் இதைக் கட்டினார்.

திரும்பி வந்ததும் ரீச்சர் ஒரு வேலை தந்தார். முதல் அலகில் வரும் சொற்களை, அதாவது அருமை, தெரிவு, அமையச் செலவு, கேள்வி, நிரம்பல், முதல், வருமானம் ஆகியவற்றைப் பாடமாக்கி ஒப்புவிக்க வேண்டாம். ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் அவற்றைத் தேடிப் பிடித்து எழுதி வாருங்கள் என்றார். அல்லிராணியை என்னிடமிருந்து பறித்தவர் மீதிருந்த கோபத்தில் நான் நோர்த்தைத் தெரிவு செய்தேன். தேடத் தேடக் கோபம் குறைந்துவிட்டது. அன்று எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

எங்கள் வீடு சிலாவத்துறையில். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. சலாபத்துறை என்பதே மருவிச் சிலாவத்துறை ஆனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊரின் பெயரிலேயே முத்து இருக்கிறது, ஊரில்தான் இல்லை. 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும் அந்த மன்னரிடம் இருந்த முத்துக்களைக் கண்டதையும் தம் பயண நூலில் சொல்லியிருக்கிறார். அதன்பின் போர்த்துக்கேயர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள். ஆட்சி மாறியது, கடலின் அடியில் கிடந்த சிப்பி தமக்கே உரியது என்ற உரிமைக் குரல் மட்டும் மாறவில்லை. அந்த வரிசையில் அடுத்து வந்தவர்தான் நோர்த்.

பிரெடரிக் நோர்த் பிறந்தது 1766 பெப்ரவரி 7ஆம் திகதி. தந்தை நோர்த் பிரபு 1770 முதல் 1782 வரை பிரித்தானியாவின் பிரதமராக இருந்தவர். அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் கைநழுவிப் போன காலம் அது. போருக்குப் பணம் தேவைப்பட்டது. மக்களுக்கோ வரி என்றால் கசந்தது. 1776இல் அடம் ஸ்மித் நாடுகளின் செல்வம் பற்றிய தமது பெரிய நூலை வெளியிட்டார். பொருளியல் என்ற பாடம் அந்த நூலோடு பிறந்தது என்று நாம் படிக்கிறோம். அதை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்களில் ஒருவர் நோர்த் பிரபுதான். அடுத்து வந்த வரவு செலவுத் திட்டங்களில் புதிய வரிகளுக்கான யோசனைகளை அவர் அந்த நூலிலிருந்து எடுத்துக்கொண்டார். அப்போது மகன் பிரெடரிக்குக் கிட்டத்தட்ட பதினொரு வயது. அரசின் பணப்பெட்டி எப்படி நிரம்புகிறது, எப்படிக் காலியாகிறது என்ற பேச்சு ஓயாத வீட்டில் அவர் வளர்ந்தார்.

பிரெடரிக் கடைசி மகன். சிறுவயதில் உடல்நலம் குன்றியவர். நல்ல காலநிலை தேடி வெளிநாடுகளில் நெடுங்காலம் தங்க வேண்டியிருந்தது. நோய் அவருக்கு மொழிகளைக் கொடுத்தது. பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், ஜேர்மன், கிரேக்கம் என்று பலவற்றைச் சரளமாகப் பேசினார். ஒக்ஸ்போர்ட்டில் படித்தார். கிரேக்க நாட்டின் மீது அவருக்கு இருந்த பற்று சாதாரணமானதல்ல. 1791இல் கோர்பூ என்ற தீவில் கிரேக்கத் திருச்சபையில் சேர்ந்தார். பின்னர் சில காலம் பாராளுமன்ற உறுப்பினராகவும், லண்டன் துறைமுகச் சுங்கத்தில் அதிகாரியாகவும், கோர்சிக்கா தீவின் நிருவாகத்தில் செயலாளராகவும் இருந்தார். அரிப்பில் ஏன் கிரேக்கப் பாணியில் ஒரு மாளிகை நிற்கிறது என்ற கேள்விக்கு விடை இந்த இளமைக் காலத்தில் இருக்கிறது.

1798 ஒக்டோபர் 12ஆம் திகதி ஆளுநராகக் கொழும்பில் வந்து இறங்கினார். அப்போது வயது 32. அவர் பொறுப்பேற்ற நாடு அமைதியான நாடல்ல. ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைப் பிரித்தானியர் பிடித்தது 1796இல். கிழக்கிந்தியக் கம்பனி சென்னையிலிருந்து ஆட்களை அனுப்பி வரி அறவிட்டது. தென்னை மரத்துக்கு மரமொன்றுக்கு இவ்வளவு என்று வரி விதித்தபோது 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த நெருப்பு அணைந்தும் அணையாமலும் இருந்த நேரத்தில் நோர்த் வந்தார். முதல் மூன்று ஆண்டுகள் அவருக்கு இரண்டு எசமானர்கள்: ஒருபுறம் மன்னர், மறுபுறம் கம்பனி. 1802இல்தான் இலங்கை முழுமையாக முடிக்குரிய குடியேற்ற நாடானது.

அரசுக்குப் பணம் வரும் பெரிய வழிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கறுவா, அதன் வணிகம் கம்பனியின் பிடியில் இருந்தது. மற்றது எங்கள் கடலின் முத்து.

முத்துச் சிப்பிகள் கரையிலிருந்து பல மைல் தள்ளி, கடலடியில் பாறையும் மணலும் கலந்த திட்டுகளில் வளர்கின்றன. இந்தத் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். பெரிய பார், செவ்வல் பார் என்று ஒவ்வொன்றுக்கும் எங்கள் முன்னோர் இட்ட பெயர்கள் ஆங்கில ஆவணங்களிலும் அப்படியே பதிந்திருக்கின்றன. ஒரு சிப்பி முத்துக் கொடுக்கும் பருவத்துக்கு வர நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். முன்கூட்டி எடுத்தால் முத்து கடுகளவு. அதிகம் காத்திருந்தால் சிப்பி தானாகவே இறந்துவிடும். சில ஆண்டுகளில் பார் முழுவதும் வெறுமையாகிவிடுவதும் உண்டு. 1768 முதல் 1796 வரை, 28 ஆண்டுகள் இங்கே ஒரு சலாபம்கூட நடக்கவில்லை.

அத்தனை ஆண்டு இடைவெளிக்குப் பிறகு பிரித்தானியர் வந்த நேரத்தில் பார்கள் நிறைந்திருந்தன. 1796, 1797, 1798 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து குளித்தார்கள். 1797இலும் 1798இலும் ஆண்டுக்கு ஓர் இலட்சம் பவுணுக்கு மேல் கிடைத்தது. இந்த எண்களைக் கேட்டு லண்டனில் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. இலங்கைத் தீவு ஆண்டுதோறும் முத்து காய்க்கும் மரம் என்றே தோன்றியிருக்கும். நோர்த் வந்தபோது அந்த மூன்று ஆண்டுகளும் முடிந்துவிட்டன. 1799இல் வருமானம் பெரும் வீழ்ச்சி கண்டது.

அவருடைய வாழ்க்கையில் நான் முதலில் அடிக்கோடிட்ட இடம் இது. முதல் வேறு, வருமானம் வேறு. பத்துத் தென்னையிலிருந்து தேங்காய் பறித்து விற்றால் அது வருமானம். தென்னையையே தறித்து விற்றால் அன்றைக்குக் கையில் அதிகப் பணம் வரும். ஆனால் அது வருமானமல்ல, முதல் அழிந்தது. இரண்டும் கணக்குப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில், வரவு என்ற ஒரே சொல்லின் கீழ் எழுதப்படும். புத்தகத்தைப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கடலடியில் என்ன மிஞ்சியது என்பதைக் கொழும்பிலிருந்த எந்தப் புத்தகமும் காட்டவில்லை.

நோர்த் அலட்சியமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. அலட்சியக்காரர் என்றால் இந்த வெயிலிலும் மணலிலும் ஒரு மாளிகையைக் கட்டியிருக்க மாட்டார். செங்கல்லும் சுண்ணச் சாந்துமாக இரண்டு தட்டில் எழும்பியது அது. மேலே நின்றால் கடல் விரிந்து கிடக்கும். அக்காலத்தில் இலங்கையில் பணிபுரிந்த மதகுரு ஜேம்ஸ் கோர்டினர், இந்தத் தீவின் மிக அழகிய கட்டடம் இதுவே என்று தமது நூலில் வியந்திருக்கிறார்.

அந்த மாடியிலிருந்து நோர்த் பார்த்திருக்கக்கூடிய காட்சியைப் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி யாருமற்ற மணல்வெளி. சலாபம் அறிவிக்கப்பட்டதும் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பிவிடும். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று எங்கிருந்தெல்லாமோ தோணிகள் வரும். எங்கள் சமூகத்தவரும் பரதவரும் அருகருகே நின்று மூழ்கினார்கள். நள்ளிரவுக்குப் பிறகு தரைக்காற்றில் தோணிகள் புறப்படும். விடிந்ததும் குளிப்பு ஆரம்பிக்கும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து அடியில் இறங்குவார். ஒரு நிமிடமளவு மூச்சை அடக்கிச் சிப்பிகளை அள்ளி வலைப்பையில் போடுவார். மேலே கயிறு பிடித்திருப்பவர் இழுத்தெடுப்பார். நண்பகலில் கடற்காற்று எழும்பியதும் தோணிகள் கரை திரும்பும்.

இந்த இடத்தில் உற்பத்திக் காரணிகள் நான்கும் தாமாகவே வந்து நிற்கின்றன. பார் என்பது நிலம். மூழ்குபவரும் கயிறு பிடிப்பவரும் உழைப்பு. தோணியும் கல்லும் கயிறும் மூலதனம். முழுச் சலாபத்தையும் ஏலத்தில் எடுக்கும் குத்தகைக்காரர் முயற்சியாளர். சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லும் கடல்கட்டி என்ற ஒருவரும் இருந்தார். அவர் கரையில் நின்றால்தான் பலர் கடலில் இறங்கினார்கள். மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. காப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் நம்பிக்கையில்லாத அரசாங்கமும் கடல்கட்டிக்குரிய பங்கைக் கொடுத்து வைத்திருந்தது. உழைப்பவரின் பயத்துக்கும் ஒரு செலவு உண்டு, அதை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும் என்று அரசு புரிந்துகொண்டிருந்தது.

அடம் ஸ்மித் தமது நூலில் ஒரு புதிரைப் போட்டிருந்தார். தண்ணீர் இல்லாமல் வாழ முடியாது, அதற்கு விலையில்லை; வைரத்தால் பெரிய பயனில்லை, அதற்கோ பெருவிலை. இது ஏன் என்பது அந்தப் புதிர். அவருக்கு நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்கள்தான் எல்லைப் பயன்பாடு என்ற கருத்தால் அதை அவிழ்த்தார்கள். ஒரு பொருளின் விலையைத் தீர்மானிப்பது அதன் முழுப் பயனல்ல. கடைசியாகக் கிடைக்கும் ஓர் அலகின் பயன். வைரத்துக்குப் பதிலாக முத்தை வைத்துப் பாருங்கள், சலாப முகாமே அந்தப் பாடத்தின் வகுப்பறையாகிவிடும். ஆயிரக்கணக்கானோர் திடீரென்று கூடும் வரண்ட கரையில் ஒரு குடம் குடிநீர் அருமையாகிவிடும். முகாம் கலைந்த மறுநாள் அதே கிணற்றுத் தண்ணீரைக் கேட்பாரில்லை. தண்ணீர் மாறவில்லை. கேள்வி மாறியது.

சிப்பி விற்கப்பட்ட விதமும் விசித்திரமானது. திறக்காத சிப்பிகளை ஆயிரக்கணக்கில் குவியலாக விற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஒரு குவியலில் செல்வம் இருக்கலாம். அடுத்ததில் நாற்றம் மட்டும் இருக்கலாம். அரசு இந்த ஆபத்தைத் தன் தலையில் வைத்துக்கொள்ளாமல் குத்தகைக்காரரிடம் கொடுத்துவிட முயன்றது. 1804ஆம் ஆண்டின் சலாபம் 120,000 பவுணுக்குக் குத்தகை விடப்பட்டதாகக் கோர்டினர் எழுதுகிறார். பணம் முன்கூட்டியே நிச்சயம் என்பது அரசுக்கு நன்மை. ஆனால் ஒரு பருவத்துக்கு மட்டும் உரிமை பெற்றவர் அடுத்த பருவத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? கிடைத்த நாட்களுக்குள் கிடைத்ததை அள்ளுவதுதான் அவருக்கு இலாபம். காத்திருப்பதன் பலன் அவருக்கு வராது. யாருக்கு எவ்வளவு காலம் உரிமை என்பதே அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைத் தீர்மானிக்கிறது.

முத்தோடு மட்டும் நோர்த்தை நிறுத்தினால் அவருக்கு அநீதி செய்தவளாவேன். நில அளவைத் திணைக்களம் தொடங்கியது அவர் காலத்தில், 1800இல். உயர் நீதிமன்றம் 1801இல் வந்தது. அரச வர்த்தமானி 1802இல் வெளிவரத் தொடங்கியது. பெரியம்மைக்கான பால் குத்துதலும் அவர் காலத்தில்தான் அறிமுகமானது. ஒல்லாந்தர் காலத்துப் பாடசாலைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தபோது அவற்றைத் திரும்ப நடத்தினார். கொழும்பில் உயர்கல்விக்கென ஒரு கழகத்தையும் அமைத்தார்.

சில முயற்சிகள் தோற்றன. இராசகாரியம் என்ற முறையில் மக்கள் நிலத்தை வைத்திருப்பதற்குப் பதிலாக அரசுக்குக் கூலியின்றி வேலை செய்து வந்தார்கள். நோர்த் அதை நீக்கி, விளைச்சலில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும், வேலைக்குக் கூலி தரப்படும் என்ற முறையைக் கொண்டுவந்தார். கட்டாயத்தால் வரும் உழைப்பைவிடக் கூலிக்கு வரும் உழைப்பு சிறந்தது என்பது நல்ல கொள்கைதான். ஆனால் கூலிக்காக வேலைக்குப் போகும் பழக்கமோ கூலியைச் செலவிடச் சந்தையோ போதிய அளவு இல்லாத இடங்களில் ஆட்கள் வரவில்லை. அடுத்து வந்த ஆளுநர் பழைய முறைக்கே திரும்பினார். நகை அணிவதற்கும் நோர்த் ஒரு வரி வைத்தார். பொன்னும் வெள்ளியும் போட்டுக்கொள்ள விரும்பும் ஒருவர் அதற்கு அரசுக்குப் பணம் கட்ட வேண்டும். வசதி உள்ளவர்தானே நகை போடுவார் என்பது அவருடைய எண்ணமாக இருக்கலாம். நம் வீடுகளில் நகை என்பது ஆடம்பரம் மட்டுமல்ல, அவசரத்துக்கு ஈடு வைக்கும் சேமிப்பும்கூட என்பதை எந்த உம்மாவும் அவருக்குச் சொல்லியிருப்பார். மக்கள் எதிர்த்தார்கள்.

1803இல் கண்டி மீது படை அனுப்பியதே அவருடைய பெரும் தவறு. கண்டியில் விடப்பட்ட பிரித்தானியப் படை நோயாலும் தாக்குதலாலும் அழிந்தது. போர்ச் செலவு கருவூலத்தைக் காலியாக்கியது. இதைத்தான் பாடத்தில் அமையச் செலவு என்கிறோம். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடப்படும் அடுத்த சிறந்த வாய்ப்பே தெரிவு செய்ததன் உண்மையான விலை. லண்டன் சிக்கனம் கேட்டபோது வெட்டுப்பட்டவற்றில் பாடசாலைச் செலவும் இருந்தது. 1805 ஜூலையில் நோர்த் பதவியை விட்டுச் சென்றார். அடுத்து வந்த மெயிட்லன்ட் இன்னும் இறுக்கிப் பிடித்தார். போரின் விலையைப் பவுணில் எழுதிவிடலாம். மூடப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்காமல் போன பிள்ளையின் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

இலங்கையை விட்ட பின் நோர்த் தமது பழைய காதலான கிரேக்கத்திடம் திரும்பினார். 1817இல் கில்போர்ட் பிரபு என்ற குடும்பப் பட்டம் அவருக்கு வந்தது. 1824இல் கோர்பூவில் அயோனியன் கலைக்கழகம் என்ற பல்கலைக்கழகத்தைத் திறந்தார். சொந்தப் பணத்தைக் கொட்டினார். வறிய மாணவர்களைப் படிக்க வைத்தார். ஆயிரக்கணக்கான நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் சேர்த்தார். பழங்காலக் கிரேக்கர் போன்ற அங்கியைத் தாமும் அணிந்து திரிந்ததால் சிலர் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. திருமணம் செய்யவில்லை. 1827 ஒக்டோபர் 14ஆம் திகதி லண்டனில் காலமானார். நூல்கள் கலைக்கழகத்துக்கே போக வேண்டும் என்று விரும்பினார். ஆனால் அதற்கு அவர் வைத்த நிபந்தனைகள் நிறைவேறவில்லை. வாரிசிடம் திரும்பிய நூல்கள் லண்டனில் ஏலத்தில் சிதறிப்போயின. சிப்பியை ஏலம் விட்டுப் பள்ளிக்கூடம் நடத்த நினைத்தவரின் நூலகம் ஏலத்தில் முடிந்தது.

அவருக்குப் பிறகும் கடல் தன் போக்கில்தான் நடந்தது. 1837 முதல் 1854 வரை சலாபம் இல்லை. 1892 முதல் 1900 வரையும் இல்லை. காரணம் தேட 1902இல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் வந்தார். மணல் மூடுவது, நீரோட்டம் குஞ்சுகளை அடித்துச் செல்வது, திருக்கை போன்ற மீன்கள் தின்பது என்று பல காரணங்களைக் கண்டார். ஆகவே எல்லாப் பழியையும் மனிதரின் பேராசை மீது போட முடியாது. ஆனால் இயற்கை இப்படி நிலையற்றது என்றால் இன்னும் கவனமாக அல்லவா எடுத்திருக்க வேண்டும்? 1905இல் மரிச்சுக்கட்டியில் சுமார் 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் கிடைத்தது. அந்த எண்ணை நம்பி ஒரு லண்டன் கம்பனி 1906இல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. கம்பனி மூடப்பட்டது. 1798இல் நடந்த அதே தவறு, நூறு ஆண்டு கழித்து, அதே கடலில். சில காலத்தில் யப்பானில் மிக்கிமோத்தோ கோக்கிச்சி வளர்த்தெடுத்த முத்துக்கள் உலகச் சந்தைக்கு வந்தன. பிரதியீட்டுப் பண்டம் வந்ததும் இயற்கை முத்தின் விலை சரிந்தது. எங்கள் கடலைத் தேடி வர யாருக்கும் காரணம் இல்லாமல் போனது.

இதையெல்லாம் எழுதி முடித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் வாசித்துக் காட்டினேன். வாப்பா கடலட்டைக்கு மூழ்குபவர். 1990 ஒக்டோபரில் ஊரைவிட்டு வெளியேறிப் புத்தளத்தில் அகதியாக வளர்ந்து, யுத்தம் முடிந்த பின் வெறுங்கையோடு திரும்பி வந்தவர். படகும் இயந்திரமும் ஒரு முதலாளி தந்த முன்பணத்தில் வாங்கியவை. எடுக்கும் அட்டையை அவருக்கே கொடுக்க வேண்டும். நானா சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வாப்பாவோடு போகிறான். பெரிய அட்டைக்குத்தான் நல்ல விலை. அது குறைந்துவிட்டது. இப்போது விரலளவு அட்டைகளையும் எடுக்கிறார்கள்.

முதல் வேறு, வருமானம் வேறு என்ற இடத்தில் வாப்பா என்னை நிறுத்தினார். அது தனக்குத் தெரியும் என்றார். சின்னதை விட்டுவிட்டு வந்தால் மறுநாள் பக்கத்துப் படகுக்காரன் எடுத்துவிடுவான். விட்டதில் தனக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். அத்தோடு முன்பணக் கணக்கு இருக்கிறது, என் வகுப்புக் கட்டணம் இருக்கிறது என்றும் சொன்னார். நான் பேசாமல் இருந்தேன். ஒரு பருவத்துக் குத்தகைக்காரரை நான் எவ்வளவு சுலபமாகக் குறை சொல்லியிருந்தேன்! அடுத்த பருவம் தன் கையில் இல்லாதவன் எப்படிக் காத்திருப்பான்? என் மேசைக்கும் புத்தகத்துக்கும் உரிய அமையச் செலவு நானாவின் படிப்பு என்பதும், அதை அவன் கடலடியில் இருந்து கொடுக்கிறான் என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது.

நானாதான் முதலில் பேசினான். தனிப்படகாக விட்டால் பயனில்லை, எல்லாப் படகும் சேர்ந்து விட்டால்தானே அடுத்த ஆண்டுக்கு மிஞ்சும் என்றான். மீனவர் சங்கக் கூட்டத்தில் அளவு பற்றிப் பேசச் சொல்லி வாப்பாவைக் கேட்டான். வாப்பா பேசினார். சிலர் சிரித்தார்கள். இதுவரை எங்களுடையதோடு மூன்று படகுகள் சின்ன அட்டையைத் தொடுவதில்லை என்று ஒத்துக்கொண்டிருக்கின்றன. அது போதாது என்று வாப்பாவே சொல்கிறார். முன்பணக் கணக்கும் அப்படியே இருக்கிறது. முடிவு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது.

போன விடுமுறையில் நானாவோடு அரிப்புக்குப் போனேன். டொரிக் மாளிகையின் கடலோரச் சுவர் இன்னும் கொஞ்சம் சரிந்திருந்தது. அலை அடிக்கும்போது செங்கல் துண்டுகள் மணலில் புரண்டன. நல்லெண்ணமும் படிப்பும் உழைப்பும் உள்ள ஒரு மனிதர் அந்த மாடியில் நின்று தோணிகளை எண்ணியிருப்பார். தோணியை எண்ணத் தெரிந்தவருக்குப் பாரில் மிஞ்சியதை எண்ண வழியிருக்கவில்லை. எங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. மிஞ்சியது எவ்வளவு என்று தினமும் மூழ்கிப் பார்த்துவிட்டு வருபவன் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.